நான்கு ஆண்டுகளாக நாய்க்கு உலர் உணவு: சாயமும் பதப்பொருளும் எனக்குக் காட்டியவை

கேரளத்தின் பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் இருக்கும் எங்கள் வீட்டு நாய் மணிக்கு இப்போது ஐந்து வயது. முதல் ஓராண்டு பழைய சோறும் மத்தித் தலையும் தின்று வளர்ந்தவன், வீட்டில் எல்லோரும் வேலைக்குப் போகத் தொடங்கியபின், நான்கு ஆண்டுகளாகக் கடையில் வாங்கும் உலர் உணவையே இருவேளையும் உண்கிறான்.

முதலில் வாங்கியது சிவப்பும் பச்சையும் மஞ்சளும் கலந்த வகை. வெந்நீரில் ஊறவைத்தால் ஐந்தே நிமிடத்தில் கிண்ணத்து நீர் செம்பருத்தித் தேநீர் போலச் சிவந்துவிடும். அவன் விடாமல் சொறிந்துகொள்ளத் தொடங்கியபோது சாயத்தைத்தான் சந்தேகித்தேன். கால்நடை மருத்துவரோ வால் அடியில் முடியை விலக்கிக் காட்டி, "செள்ளு" என்றார். நாம் தெள்ளு என்பதை மலையாளத்தில் அப்படிச் சொல்கிறார்கள். பழி சாயத்தின் மேல் இல்லை என்றானாலும் அந்த வகையை அத்துடன் நிறுத்திவிட்டேன். நீலத்தையும் மஞ்சளையும் நன்கு பிரித்தறியும் நாயின் கண்ணுக்குச் சிவப்பு மங்கலாகவே தெரியும் என்பதால், அந்த நிறம் காசு கொடுக்கும் நமக்காகச் சேர்க்கப்படுவதே.

பதப்பொருள்கள் அவ்வளவு எளிதில் தீர்ப்புச் சொல்லக்கூடியவை அல்ல. கொழுப்பு கெடாமல் இருக்கச் சேர்க்கும் பி.ஹெச்.ஏ. என்ற செயற்கைப் பதப்பொருள், எலிகளின் முன்வயிற்றில் கட்டிகளை உண்டாக்கியதால் புற்றுநோய் ஐயப்பட்டியலில் இடம்பெற்றது. நாய்க்கோ மனிதருக்கோ அந்த முன்வயிறே இல்லை. எனக்கு உறுத்தலாக இருப்பது எதாக்ஸிகுவின் என்ற இன்னொரு செயற்கைப் பதப்பொருள். நாய்களின் கல்லீரலில் மாற்றங்கள் தென்பட்டதால், உணவில் பத்து லட்சத்துக்கு 150 பங்கு என்றிருந்த உச்ச அளவை 75 ஆகக் குறைத்துக்கொள்ளுமாறு 1997இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் உற்பத்தியாளர்களைக் கேட்டுக்கொண்டது. 2017இல் ஐரோப்பிய ஒன்றியம் அதற்கான அனுமதியையே நிறுத்திவைத்தது. மீன்தூள் தயாரிக்கும் இடத்திலேயே இது சேர்க்கப்பட்டுவிட்டால் பையின் மேல் பெயர் வராமலும் போகலாம். நான் வாங்கிக்கொண்டிருந்த நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்து மீன்தூளைப் பற்றிக் கேட்டபோது, "எல்லாம் அனுமதிக்கப்பட்ட அளவில்தான் சார்" என்ற ஒரே வரியை மூன்று முறை சொன்னார்களே தவிர, இருக்கிறதா இல்லையா என்பதைச் சொல்லவில்லை.

கோபத்தில், வைட்டமின் ஈ வகையான டோகோபெரால் மட்டும் சேர்த்த 10 கிலோ பைக்கு மாறினேன். அது மாசி மாதம். சித்திரை வெயிலில் பாதிப் பை மிச்சமிருந்தபோது, வாயைத் திறந்தாலே காறிய தேங்காயெண்ணெய் வாடை அடித்தது. மணி கிண்ணத்தை முகர்ந்துவிட்டுத் திண்ணைக்குப் போய்ப் படுத்துக்கொண்டான். இயற்கைப் பதப்பொருளின் காவல் குறுகிய காலத்துக்கே என்பதையும், காறிய கொழுப்பு உணவிலுள்ள வைட்டமின்களையும் அழிக்கும் என்பதையும் அதன்பிறகே படித்தேன். பாலக்காட்டுக் கணவாயின் கோடையில் வேறு பை கிடைக்காவிட்டால் பி.ஹெச்.ஏ. சேர்த்ததைத் தயங்காமல் வாங்குவேன். காறிய உணவுக்கு அது எவ்வளவோ மேல்.

இப்போது வாங்குவது டோகோபெரால் சேர்த்த 3 கிலோ பை. உணவைக் கொட்டாமல், பையோடே எவர்சில்வர் டின்னுக்குள் வைத்து மூடிவிடுகிறேன். பழைய எண்ணெய்ப் பிசுக்கு டின்னில் ஒட்டியிருந்தால் புதிய உணவும் சீக்கிரம் கெடும். பை தீரும்வரை பேட்ச் எண்ணைக் கிழிப்பதில்லை. 2007இல் வட அமெரிக்காவில் நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் செயலிழந்து இறந்ததற்குக் காரணம் பட்டியலில் அச்சிட்ட எந்தச் சேர்பொருளும் அல்ல; புரத அளவைக் கூட்டிக் காட்டுவதற்காகக் கோதுமைப் புரதத்தில் கலந்த மெலமைன் என்ற வேதிப்பொருள். அப்படியொரு நிலையில் நம் கையிலிருப்பது திரும்பப் பெறப்படும் பைதானா என்பதைச் சொல்ல அந்த எண் வேண்டும். சாக்கைப் பிரித்துக் கிலோ கணக்கில் நிறுத்துத் தரும் உணவு எவ்வளவு மலிவானாலும் நான் வாங்காததற்கும் அதுவே காரணம்: அதில் தேதியும் இருக்காது, எண்ணும் இருக்காது.