கீறுவதற்கு முன் ஒரு கேள்வி: வாட்ஸ்அப் பாடத்துடன் இரண்டரை ஆண்டுகள்

கோத்தகிரி அருகே ஒரு சிறிய மருத்துவமனையில் பொது மருத்துவராகப் பணியாற்றுகிறேன். ஹைட்ராடெனிடிஸ் சப்புரேட்டிவா என்னும் தோல் நோயைப் பற்றி, கோவையில் இருக்கும் தோல் மருத்துவர் ஒருவர் மலைப்பகுதி மருத்துவர்களுக்கு வாரம் ஒன்றாக வாட்ஸ்அப்பில் அனுப்பும் செய்திகளை இரண்டரை ஆண்டுகளாகப் படித்து வருகிறேன்.

அக்குள், தொடையிடுக்கு, பிட்டம், மார்பகத்தின் அடி ஆகிய இடங்களில் வலிமிகுந்த கட்டிகள் திரும்பத் திரும்ப வந்து, உடைந்து, தோலுக்கு அடியில் புரையோடித் தழும்பாகும் நோய் இது. மயிர்க்கால் அடைபட்டு வெடிப்பதில் தொடங்கும் அழற்சியே தவிர, அழுக்கினால் வருவதன்று. ஒருவரிடமிருந்து மற்றவருக்கு ஒட்டுவதுமன்று. ஆயினும் நோய்க்குச் சரியான பெயர் சொல்லப்படுவதற்குள் பல நாடுகளில் சராசரியாக 7 முதல் 10 ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. கட்டியைக் கீறிச் சீழை வடித்து, ஐந்து நாள் மாத்திரை எழுதி அனுப்பியவர்களில் நானும் ஒருத்தி.

எனக்கு வந்த முதல் செய்தியில் படமில்லை. "அக்குளில் கட்டியா? கீறும் முன் கேளுங்கள்: ஆறு மாதத்தில் இது எத்தனையாவது?" என்ற வரிதான் இருந்தது. இரண்டு அல்லது அதற்கு மேல் என்றால் இந்த நோயை நினைக்க வேண்டும் என்பது மறுவாரம் வந்தது. கொழுந்து பறிக்கும் பெண் ஒருவர், குளிருக்குப் போட்டிருந்த ஸ்வெட்டரைக் கழற்றவே கூசியபடி, "சூட்டுக் கட்டிங்க டாக்டரம்மா" என்றார். அந்தக் கேள்வியைக் கேட்டேன். விரல்விட்டு எண்ணத் தொடங்கியவர் ஒரு கை முடிந்ததும் நிறுத்திவிட்டு, கல்யாணத்துக்கு முன்பிருந்தே வருவதாகச் சொன்னார். மறு அக்குளில் கயிறு போலத் தடித்த தழும்பும், அதன் ஓரத்தில் ஒட்டிப்பிறந்தவை போல இரட்டைக் கரும்புள்ளிகளும் இருந்தன. அந்த இரட்டைப் புள்ளி இந்த நோயின் அடையாளம் என்பதைச் சில வாரங்களுக்கு முன்புதான் கைப்பேசியில் படித்திருந்தேன்.

இந்த ஏற்பாட்டில் நான் மிகவும் மதிப்பது, இது குழுவாக இல்லாமல் பிராட்காஸ்ட் பட்டியலாக இருப்பதை. நாம் அனுப்பும் பதில் அனுப்பியவருக்கு மட்டுமே போகும். இருபது ஆண்டு அனுபவமுள்ள மருத்துவர், சக மருத்துவர்கள் பார்க்கும் குழுவில் "இது எனக்குத் தெரியாது" என்று எழுதத் தயங்குவார், தனியாக எழுதுவார். நான் எழுதியிருக்கிறேன். ஒரு பட்டியலில் 256 பேர் வரைதான் என்பதும், அனுப்புபவரின் எண்ணை நாம் சேமித்திருந்தால்தான் செய்தி வரும் என்பதும் சிறிய தொல்லைகள்.

குறைகளும் உண்டு. முதல் ஆண்டுப் படங்கள் பெரும்பாலும் வெளுத்த தோலில் எடுத்தவை. நம்மவர் தோலில் அழற்சி சிவப்பாகத் தெரியாமல் கருஞ்சிவப்பாகவோ கருமையாகவோ தெரியும். படம் அனுப்பும்போது நுணுக்கம் மங்கிவிடுகிறது. சிக்னல் குறைந்த நாளில் அது இறங்கவே இறங்காது, எழுத்து மட்டும் வந்துவிடும். தானாகவே கேலரியில் சேர்ந்த நோயாளியின் படம் ஒன்றை என் மகள் பார்த்துவிட்ட நாளில் படங்கள் தானாகச் சேமிக்கப்படும் அமைப்பை நிறுத்தினேன். ஒப்புதலோடு எடுத்த, முகம் தெரியாத படம்தான் என்றாலும் அது குழந்தை பார்க்க வேண்டியதன்று.

காசநோய் பற்றிய செய்தி ஓராண்டு கழித்து வந்தது எனக்குப் பெரிய வருத்தம். அக்குள் நெறிக்கட்டியில் வரும் காசநோயும் உடைந்து புரையோடும். இந்த நோய்க்குக் கிளிண்டாமைசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியுடன் சேர்த்துக் கொடுக்கப்படும் ரிஃபாம்பிசின் காசநோய்க்கும் முதன்மை மருந்து. காசநோய்க் கிருமி அதற்கு அடங்காமல் போய்விடக்கூடும் என்பதால், காசநோய் இல்லை என்று உறுதிசெய்யாமல் அதைத் தொடங்கக் கூடாது. நம் ஊரில் இது முதல் மாதப் பாடமாக இருந்திருக்க வேண்டும்.

எஸ்டேட் செவிலியர்களின் எண்களையும் பட்டியலில் சேர்க்கும்படி எழுதியிருக்கிறேன். எங்கள் பகுதிப் பெண்கள் இந்தக் கட்டியை முதலில் காட்டுவது அவர்களிடம்தான்.