வார்சா கெட்டோ எழுச்சியா, வார்சா எழுச்சியா? எதை முதல்ல படிக்கலாம்

நிறைய பேரு ரெண்டையும் ஒண்ணுன்னு குழப்பிக்கிறாங்க. ரெண்டுமே இரண்டாம் உலகப்போர்ல, நாஜி ஜெர்மனி பிடிச்சு வெச்சிருந்த போலந்துத் தலைநகர் வார்சாவுல, நாஜிகளை எதிர்த்து நடந்த ஆயுதச் சண்டை. கெட்டோன்னா யூதர்களை சுவர் கட்டி அடைச்சு வெச்சிருந்த பகுதி.

எப்போ: கெட்டோ 1943 ஏப்ரல் 19, ஒரு மாசம் கூட முழுசா இல்ல. மத்தது 1944 ஆகஸ்ட் 1, மொத்தம் 63 நாள்.

யாரு: அங்க சில நூறு யூத இளைஞர்கள், தலைவர் மொர்தெகாய் அனியெலெவிச்சே இருபதுகள்ல இருந்த பையன். 1944ல போலந்து உள்நாட்டுப் படை, அதாவது நாஜிகளுக்கு எதிரா ரகசியமா இயங்குன போலந்துக்காரங்க படை, பல்லாயிரம் பேர்.

எதுக்கு: கெட்டோல பெரும்பாலும் கைத்துப்பாக்கியும் பெட்ரோல் பாட்டிலும்தான், ஜெயிக்க முடியாதுன்னு தெரிஞ்சேதான் இறங்குனாங்க, நாஜிகளோட கொலை முகாமான ட்ரெப்ளிங்காவுக்கு ரயிலேறி சாகறதுக்கு இது மேல்னு. 1944ல கணக்கே வேற, சோவியத் படை வந்து சேர்றதுக்குள்ள ஜெர்மன்காரங்ககிட்டேர்ந்து ஊரை மீட்டுடணும்.

போர்க்கால அரசியல் புரியணுமா, 1944. யூதர்கள் எதிர்த்தே நிக்கலன்னு யாராவது சொன்னா, 1943. ரெண்டும் வேணும்னா மாரெக் எடெல்மன் பத்தி படிங்க, கெட்டோலேர்ந்து சாக்கடை வழியா தப்பிச்சு 1944லயும் சண்டை போட்ட மனுஷன்.