கூட்டமும் நோட்டீஸும் ஒரே வாசலில்: த்ரெட்ஸ், எக்ஸ், மாஸ்டடான், ப்ளூஸ்கை

2024 ஆகஸ்ட் 30 அன்று பிரேசில் உச்ச நீதிமன்ற நீதிபதி அலெஷாண்ட்ரே டி மொராயிஸ், எக்ஸ் (பழைய ட்விட்டர்) தளத்தை நாடு முழுக்க முடக்க உத்தரவிட்டார். அடுத்த ஒரு வாரத்துக்குள் ப்ளூஸ்கையில் சுமார் 26 லட்சம் பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். அதில் 85 சதவீதம் பிரேசில்காரர்கள். ஒரு தளத்துக்கு விழுந்த தடை இன்னொரு தளத்துக்குத் திடீர் கூட்டமாகப் போய்ச் சேர்ந்தது.

திடீர் கூட்டத்தைத் தாங்குவது, அரசு உத்தரவைச் சந்திப்பது: சமூக வலைத்தளங்களுக்கு வரும் இந்த இரண்டு சோதனைகளையும் தனித்தனியாக அலசுவதுதான் வழக்கம். சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும். சுமை எந்த சர்வரில் குவிகிறதோ, அதன் சொந்தக்காரர் பெயருக்குத்தான் நோட்டீஸும் வரும்.

ஒரே கூரையின் கீழ்: த்ரெட்ஸ், எக்ஸ்

கூட்டத்தைத் தாங்குவதில் பெரிய நிறுவனத்துக்குப் பக்கத்தில் யாரும் வர முடியாது. 2023 ஜூலையில் த்ரெட்ஸ் வந்தபோது ஐந்தே நாளில் 10 கோடிப் பேர் சேர்ந்தார்கள். மெட்டாவின் உள்கட்டமைப்புக் குழுக்களுக்குக் கிடைத்த முன்னறிவிப்பு இரண்டே நாள். ஆனாலும் தளம் படுக்கவில்லை. இன்ஸ்டாகிராமுக்காக ஓடிக்கொண்டிருந்த அமைப்பின் மேலேயே அதைக் கட்டியிருந்தார்கள். சிக்கல் எதிர்பாராத இடத்தில் முளைத்தது. இன்னும் த்ரெட்ஸுக்கு வராதவரையும் 'வந்ததும் பின்தொடர்' என்று முன்கூட்டியே குறித்து வைக்கலாம் அல்லவா? பிரபலம் ஒருவர் கணக்கைத் திறக்கும் நொடியில் அப்படிக் காத்திருந்த லட்சக்கணக்கான குறிப்புகள் ஒன்றாக அவிழும். அதைப் பின்னணி வேலைகளாக உடைத்துத்தான் சமாளித்தார்கள்.

அதே த்ரெட்ஸ் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வந்தது 2023 டிசம்பர் 14 அன்றுதான். சர்வருக்கு இரண்டு நாள், சட்டத்துக்கு ஐந்து மாதம்.

எக்ஸின் கதை அரசு உத்தரவில்தான் திரும்புகிறது. 2024 ஆகஸ்ட் 17-ல் நிறுவனம் பிரேசில் அலுவலகத்தை மூடியது. நோட்டீஸ் வாங்க ஆள் இல்லையென்றால் நீதிமன்றம் சும்மா இருக்குமா? அதே முதலாளி எலான் மஸ்க்கின் ஸ்டார்லிங்க் நிறுவனத்தின் வங்கிக் கணக்குகளை முடக்கியது. செப்டம்பர் 18-ல் எக்ஸ் தன் டிராஃபிக்கை, பல தளங்களுக்கு நடுவில் நின்று கடத்தித் தரும் கிளவுட்ஃப்ளேர் நிறுவனம் வழியாகத் திருப்பியதும் தடை கொஞ்ச நேரம் உடைந்தது. அந்த ஐபி முகவரிகளைத் தடுத்தால் சம்பந்தமில்லாத ஆயிரம் தளங்களும் சேர்ந்து விழும். 2018-ல் டெலிகிராமைத் தடுக்கப் போன ரஷ்யா, அமேசான், கூகுள் ஐபிகளைக் கோடிக்கணக்கில் அடைத்து மாட்டிக்கொண்டதும் இதே முட்டுச்சந்தில்தான். ஆனால் தொழில்நுட்பச் சந்து எக்ஸைக் காப்பாற்றவில்லை. நீதிமன்றம் சொன்ன பயனர் கணக்குகளை முடக்கி, சட்டப் பிரதிநிதியை நியமித்து, 2.86 கோடி ரெயால் அபராதம் கட்டிய பிறகே அக்டோபர் 8-ல் தளம் திரும்பியது.

அரசு கேட்டால் 'முடியாது' என்று சொல்லிப் பெயர் வாங்கிய டெலிகிராமும் பிடி இல்லாமல் இல்லை. நிறுவனர் பாவெல் துரோவ் 2024 ஆகஸ்ட்டில் பிரான்ஸில் கைதானார். அமெரிக்க அதிகாரிகளின் கோரிக்கைகளில் அந்த ஆண்டு செப்டம்பர் வரை 14-க்குத் தகவல் தந்திருந்த டெலிகிராம், ஆண்டு முடிவில் 900-க்குத் தந்திருந்தது.

மாஸ்டடான்: ஆயிரம் சின்ன வீடுகள்

மாஸ்டடான் ஒரே தளம் இல்லை; தனித்தனி ஆட்கள் நடத்தும் சர்வர்கள் ஒன்றோடொன்று பேசும் வலையமைப்பு. ட்விட்டர் கைமாறியதும், 2022 அக்டோபருக்கும் நவம்பருக்கும் இடையில், மாஸ்டடானின் மாதாந்திரப் பயனர்கள் சுமார் 3 லட்சத்திலிருந்து 25 லட்சமானார்கள். அப்போது அட்மின்கள் எல்லோரும் பார்த்த நோய் ஒன்றுதான்: பக்கம் உடனே திறக்கும், ஆனால் டைம்லைன் மணிக்கணக்கில் பின்தங்கி நிற்கும். வெப் சர்வரில் குறை இல்லை. தேங்கியது சைட்கிக் என்ற பின்னணி வேலை வரிசை. ஒருவரைப் பின்தொடர்பவர்கள் 2,000 சர்வர்களில் இருந்தால், அவர் போடும் ஒரு பதிவுக்கு ஏறக்குறைய 2,000 டெலிவரி வேலைகள். அதில் செத்துப்போன சர்வர்களுக்கான வேலைகள், டைம்-அவுட் ஆகும்வரை சைட்கிக்கின் த்ரெட்டை (ஒரு நேரத்தில் ஒரு வேலை பார்க்கும் கை; த்ரெட்ஸ் தளம் அல்ல) பிடித்து வைத்திருக்கும்.

புது அட்மின் இங்கேதான் சறுக்குவார். வரிசை நீள்கிறதே என்று ப்ராசஸ்களை ஏற்றிக்கொண்டே போவார். வழக்கமான நிறுவலில் ஒரு சைட்கிக் ப்ராசஸுக்கு 25 த்ரெட், த்ரெட்டுக்கு ஒரு டேட்டாபேஸ் இணைப்பு. அந்த டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸின் இயல்பு வரம்பு 100 இணைப்புகள். நான்காவது ப்ராசஸோடு கணக்கு தீர்ந்தது. வெப் சர்வருக்கு மிச்சம் இல்லை, பயனருக்கு 500 பிழைதான். முதலில் நடுவில், சில இணைப்புகளைப் பலருக்குப் பகிர்ந்து தரும் பிஜிபவுன்சரை ட்ரான்சாக்ஷன் முறையில் வைத்து, மாஸ்டடான் பக்கம் ப்ரிபேர்டு ஸ்டேட்மென்ட்டை (முன்கூட்டித் தயாரித்து வைக்கும் வினவல்) அணைக்க வேண்டும். டேட்டாபேஸின் அமைப்பை மாற்றும் மைக்ரேஷன் மட்டும் நேரடி இணைப்பில் ஓட வேண்டும், இல்லையென்றால் பாதியில் நிற்கும். அதற்குப் பிறகே டிஃபால்ட், புஷ், புல், இன்க்ரெஸ் வரிசைகளைத் தனித்தனி ப்ராசஸ்களாகப் பிரிக்கலாம். குறித்த நேரத்து வேலைகளுக்கான ஷெட்யூலர் வரிசை ஒரே ஒரு ப்ராசஸில்தான் இருக்க வேண்டும். படங்கள் வெளியே, ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜுக்கு. 2022 நவம்பரில் ஆயிரத்துக்கும் குறைவான பயனர்களிலிருந்து 30,000-ஐத் தாண்டிய ஹாக்கிடெர்ம் என்ற மாஸ்டடான் சர்வர், ஒரு வீட்டின் அடித்தளத்தில் ஓடிய இயந்திரங்களில் டிஸ்க்குகள் மூச்சுத் திணறியதால்தான் டேட்டா சென்டருக்குக் குடிபெயர்ந்தது.

அரசு உத்தரவுக்கு எதிராக இந்த அமைப்பு வலுவானது என்று பேசுவது பாதி உண்மை. வலையமைப்பை மொத்தமாக யாராலும் மூட முடியாது. ஆனால் உங்கள் சர்வரின் அட்மின் ஒரு தனி ஆள். அவருக்கு வக்கீல் இருக்கமாட்டார். 2023 மே மாதம் கொலெக்டிவா சர்வரின் அட்மின் ஒருவர் வீட்டில், தளத்துக்குச் சம்பந்தமே இல்லாத வழக்குக்காக எஃப்பிஐ சோதனை போட்டபோது, மறையாக்கம் செய்யாத டேட்டாபேஸ் நகலும் சேர்ந்து போனது. மின்னஞ்சல் முகவரிகளும் தனிச்செய்திகளும் அதற்குள் இருந்தன. 2024 பிப்ரவரியில் குயர்.ஏஎஃப் என்ற சர்வரை யாரும் தொடவே இல்லை. ஏஎஃப் என்பது ஆப்கானிஸ்தானின் நாட்டுக் குறியீடு; அந்நாட்டு அமைச்சகம் டொமைனை நிறுத்தியது, கதை முடிந்தது. மாஸ்டடானில் டொமைன்தான் அடையாளம், நடுவில் மாற்ற வழியில்லை.

வேறு சர்வருக்குக் குடிபோகலாம்: புதுக் கணக்கில் பழையதை அலியாஸாகச் சேர்த்துவிட்டு, பழைய கணக்கிலிருந்து நகர்த்த வேண்டும். பின்தொடர்பவர்கள் வருவார்கள், பதிவுகள் வராது. இதற்குப் பழைய சர்வர் உயிரோடு இருக்க வேண்டும். பறிமுதல் ஆன பிறகு இந்தப் பொத்தானால் பயனில்லை.

ப்ளூஸ்கை: பிரித்து வைத்த அடுக்குகள்

இதில் ஒவ்வொருவரின் பதிவுகளும் பிடிஎஸ் எனப்படும் தனிநபர் தரவு சர்வர் ஒன்றில், தனி எஸ்க்யூலைட் (சிறு டேட்டாபேஸ்) கோப்பாக இருக்கும். ரிலே அவற்றை ஒரே ஓடையாகத் திரட்டும், ஆப்வியூ அதிலிருந்து டைம்லைனைச் சமைக்கும். கூட்டம் வந்தால் இன்னொரு பிடிஎஸ் இயந்திரத்தைச் சேர்த்தால் போதும், பழையவற்றைத் தொட வேண்டாம். 2024 நவம்பரில் சுமார் 20 முழுநேர ஊழியர்களோடு 2 கோடிப் பயனர்களைத் தாண்ட முடிந்ததற்கு இது பெரிய காரணம்.

திணறியது மனிதர்கள். அந்த மாதம் ஒரே நாளில் 42,000 புகார்கள் வந்தன, உச்சத்தில் மணிக்கு 3,000. முந்தைய 2023 முழுவதற்கும் வந்தவை 3.6 லட்சம். மாடரேட்டர்களை 25-லிருந்து 100 ஆக்க வேண்டியிருந்தது. சர்வரை ஒரு மணி நேரத்தில் கூட்டலாம். நிதானமாகத் தீர்ப்புச் சொல்லும் ஆளை அப்படிக் கூட்ட முடியாது.

அரசு உத்தரவுக்கு ப்ளூஸ்கை கையாளும் வழி சுவாரஸ்யமானது. 2025 ஏப்ரலில் துருக்கி அரசின் கோரிக்கையால் 72 கணக்குகள் அந்த நாட்டில் மறைக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. இதற்குப் பயன்படுவது நாட்டுக்கு நாடு தனியாக வைத்த லேபிளர். அது கணக்கின் மேல் ஒரு குறிச்சொல்லை ஒட்டும். அதிகாரபூர்வ ஆப் பயனரின் இடத்தைப் பார்த்து அந்த லேபிளரைக் கட்டாயமாக எடுத்துக்கொண்டு பதிவை மறைக்கும். தரவு அப்படியே இருக்கிறது. லேபிளரை எடுக்காத வேறு ஆப்பில் அதே பதிவு தெரியும். உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தாயிற்று, ஒன்றும் அழியவும் இல்லை. ஆனால் அந்த வேறு ஆப்கள் சின்னவை என்பதால்தான் எந்த அரசும் அவற்றைத் தேடி வரவில்லை என்பது எங்கள் கணிப்பு.

இடத்தைப் பார்த்து மறைப்பதிலும் பிசகு வரும். 2025 ஆகஸ்ட் 22-ல், வயதைச் சரிபார்க்காவிட்டால் தளத்துக்கு, ஒரு பயனருக்கு 10,000 டாலர் வரை என்ற கணக்கில் அபராதம் விதிக்கும் சட்டத்தால் மிசிசிப்பி மாநிலத்தையே ப்ளூஸ்கை அடைத்தது. பக்கத்து மாநிலத்தவர் சிலரும் வெளியே நின்றார்கள். அவர்களின் மொபைல் டிராஃபிக் மிசிசிப்பி வழியாகப் போனதுதான் காரணம்.

எதை எடுப்பது

நாளைக்கே லட்சம் பேர் வருவார்கள் என்றால் த்ரெட்ஸ். உங்கள் குழு சில நூறு பேர், அட்மினை நேரில் தெரியும் என்றால் மாஸ்டடான். பேக்கப்பை மறையாக்கம் செய்யுங்கள், நாட்டுக் குறியீடு கொண்ட டொமைனை எடுக்காதீர்கள். கணக்கு பல ஆண்டு நிலைக்க வேண்டும் என்றால் எங்கள் ஓட்டு ப்ளூஸ்கைக்கு, ஒரு வேலையை முடித்தால் மட்டும். கணக்கின் அடையாளத்தை மாற்ற அதிகாரம் தரும் சாவியான ரொட்டேஷன் கீ இயல்பாக பிடிஎஸ் கையில்தான் இருக்கும். சொந்தமாக ஒன்றை உருவாக்கி முதல் இடத்தில் சேர்த்து, ஆஃப்லைனில் வையுங்கள். சர்வர் உங்கள் அடையாளத்தைக் கைமாற்றினால் 72 மணி நேரத்துக்குள் அந்தச் சாவியால் திருப்பிவிடலாம். டொமைன் பறிபோனாலும் போவது பெயர்ப்பலகை மட்டும்; பின்தொடர்பவர்கள் அப்படியே இருப்பார்கள்.