வின்ரர் ரயர் என்று சொல்லி விற்றார்கள்: பாவித்த கார் வாங்கப் போகிறவர்கள் கவனம்

ஸ்காபரோவில் இருந்து எழுதுகிறேன். பாவித்த கார் வாங்கி, அதோடு வின்ரர் ரயரும் சேர்த்து எடுக்க யோசிக்கிறவர்கள் காசைக் கொடுக்க முதல் இதை வாசியுங்கள். கனடாவுக்கு இந்த வருடம்தான் வந்தவர்கள் கட்டாயம் வாசியுங்கள்.

சென்ற நவம்பரில் ஒரு பாவித்த எஸ்.யு.வி. வாங்கினேன். மனைவிக்கு முதியோர் இல்லத்தில் இரவு வேலை. விடிய ஆறு மணிக்கு, ஸ்னோ உருக உப்புத் தூவுகிற வண்டி இன்னும் வராத வீதியால்தான் வீட்டுக்கு வருவார். அதுக்காகத்தான் பெரிய வாகனமாகப் பார்த்தேன். விற்ற இடத்தின் பெயரை எழுதவில்லை. எங்கட ஆள்தான். ஊர் விசாரித்து, தேத்தண்ணி தந்து, “அண்ணை, இது ஓல் வீல் டிரைவ். நாலு சில்லும் இழுக்கும், ஸ்னோ ஒண்டும் செய்யாது. அக்கா இரவில ஓடுறபடியா வின்ரர் ரயர் செற் ஒண்டும் போட்டுத்தாறன், 900 டொலர்” என்றார். குனிந்து பார்த்தேன். ரயர் நாலும் கறுப்பாக மினுங்கின. விரலை விட்டால் பள்ளம் நல்ல ஆழம். நம்பிக் கொடுத்தேன்.

தை மாதம் ஒரு காலை, மைனஸ் 14. மகளைப் பள்ளிக்கூடத்தில் விடப் போகிறேன். மோர்னிங்சைட் அவெனியூவில் எல்ஸ்மியரைத் தாண்டித் தெற்கே போனால் வீதி ஹைலண்ட் கிறீக் பள்ளத்தாக்குக்குள் இறங்கும். இரவு கொட்டிய ஸ்னோ, வாகனங்கள் மிதித்து மிதித்து இறுகிக் கிடந்தது. 40 கிலோமீற்றருக்கு மேல் நான் போகவில்லை. முன்னால் ஒரு வான் நின்றது. பிரேக்கை மிதித்தேன். காலுக்குக் கீழே பிரேக் கட்டை கடகடவென்று அதிர்ந்தது, கார் மட்டும் நிற்கவில்லை. வானின் பின் கண்ணாடி கிட்டக் கிட்ட வந்தது. வலது பக்கம் வெட்டினேன். முன் சில்லு வீதியோரக் கல்லில் மோதித்தான் கார் நின்றது. பின்னால் மகள் “அப்பா” என்றுகூடக் கூப்பிடவில்லை. முன் சீற்றை இரண்டு கையாலும் பிடித்தபடி இருந்தாள். யாருக்கும் காயமில்லை. அதை நினைக்க இப்பவும் கை நடுங்குகிறது.

வளைந்த சில்லை மாற்ற வேறொரு கராஜுக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த வயதான மெக்கானிக் காரை உயர்த்தி, சில்லைக் கழற்றி, ரயரின் உட்பக்கம் ரோர்ச் அடித்தார். “இஞ்ச பாரும் தம்பி.” டி.ஓ.டி. என்ற எழுத்துகளுக்குப் பின்னால் ஒரு நீள வரிசை. அதன் கடைசி நாலு இலக்கம் 3912. அதாவது 2012ஆம் ஆண்டு 39ஆம் கிழமை செய்த ரயர். பல ரயர் நிறுவனங்களே 10 வருடம் தாண்டினால் பள்ளம் எவ்வளவு இருந்தாலும் மாற்றச் சொல்கின்றன. ரப்பர் காய்ந்து இறுகிவிடும். மற்ற மூன்றும் அதே வயது. வெளிப்பக்கத்தில் இந்த எண் முழுதாக இல்லை. திகதியோடு கூடிய எண் ரயரின் ஒரு பக்கத்தில் இருந்தால் போதும் என்பதுதான் விதி. அந்தப் பக்கத்தை நாலு சில்லிலும் உள்ளே திருப்பிப் பூட்டியிருந்தார்கள். நாலும் தற்செயலாக அப்படி அமைந்தது என்று நான் நம்பவில்லை.

அதைவிடப் பெரிய விஷயம், அவை வின்ரர் ரயரே இல்லை. பக்கத்தில் எம் பிளஸ் எஸ் என்று மட்டும் இருந்தது. சேறும் ஸ்னோவும் என்று அதற்கு அர்த்தம். பள்ளங்களின் வடிவத்தைப் பார்த்துப் போடுகிற குறி அது. எல்லாக் காலத்துக்கும் என்று விற்கிற ஓல் சீசன் ரயர்களில் பெரும்பாலும் இருக்கும். ஸ்னோவில் ஓட்டிச் சோதித்துத் தேறிய ரயருக்கு வேறு குறி உண்டு: மூன்று சிகரமுள்ள மலை, அதற்குள் ஒரு பனித்துகள். வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே இறங்கினால் ஓல் சீசன் ரப்பர் இறுகத் தொடங்கும். வின்ரர் ரயரின் ரப்பர் குளிரிலும் மெத்தென்று இருந்து வீதியைப் பிடிக்கும். ஓல் வெதர் என்று இன்னொரு வகையும் உண்டு, அதில் இந்த மலைக் குறி இருக்கும். ஓல் சீசன், ஓல் வெதர் என்று பெயர் குழம்புகிற இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

ஓல் வீல் டிரைவ் பற்றியும் சொல்ல வேண்டும். புறப்படவும் மேடு ஏறவும் அது நல்ல உதவி. நிற்பதற்கு ஒரு உதவியும் செய்யாது. நாலு சில்லிலும் பிரேக் எல்லாக் காருக்கும் இருக்கிறது. காரை நிறுத்துவது ரயர் வீதியைத் தொடுகிற அந்த உள்ளங்கை அளவு இடம்தான். சுகமாகப் புறப்பட்டுவிடுவதால் வீதி எவ்வளவு வழுக்குகிறது என்பதே நமக்குத் தெரியாமல் போகும். நல்ல வின்ரர் ரயர் போட்ட எங்கள் பழைய கொரோலா அந்த இறக்கத்தில் எத்தனையோ தடவை ஒழுங்காக நின்றிருக்கிறது.

விற்றவரிடம் போனேன். “எம் எஸ் எண்டா ஸ்னோ ரயர்தானே அண்ணை” என்றார். பற்றுச்சீட்டை எடுத்துப் பார்த்தால் “ரயர் 4” என்று மட்டும் இருக்கிறது. வின்ரர் என்ற சொல்லே இல்லை. அவர் வாயால் சொன்னதற்கு என்னிடம் சாட்சி இல்லை. பக்கத்து மாகாணமான கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அங்கே பதிவான கார்களுக்கு வின்ரர் ரயர் சட்டப்படி கட்டாயம். எம் பிளஸ் எஸ் மட்டும் இருந்தால் அங்கே செல்லாது. ஒன்ராறியோவில் எங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, ஆகவே நாங்களே பார்த்தால்தான் உண்டு.

இன்னொரு சங்கடமும் வந்தது. 2016 முதல் ஒன்ராறியோ இன்சூரன்ஸ் நிறுவனங்கள் வின்ரர் ரயர் போட்ட காருக்குக் கட்டணத்தில் கழிவு கொடுக்க வேண்டும். நானும் “போட்டிருக்கிறேன்” என்று சொல்லி அந்தக் கழிவை எடுத்திருந்தேன். தெரியாமல் சொன்னாலும் பொய் பொய்தான். உடனே புரோக்கரை அழைத்து உண்மையைச் சொல்லித் திருத்தினேன். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் விபத்து வரும்வரை பார்த்திருக்காதீர்கள்.

வாங்கும்போது நாலு ரயரிலும் மலைக் குறியைக் கண்ணால் பாருங்கள். திகதி எண் உள்ளே இருந்தால் காரை உயர்த்திக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வெளியே வந்துவிடுங்கள். பள்ளம் 4 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் ஸ்னோவுக்கு உதவாது. ரயரின் பெயர், அளவு, செய்த ஆண்டு, வின்ரர் என்ற சொல் எல்லாவற்றையும் ஒப்பந்தத்தில் எழுதுவித்த பிறகு கையெழுத்து வையுங்கள். டீலரிடம் வாங்கிய காரை மனம் மாறித் திருப்பிக் கொடுக்க ஒன்ராறியோவில் சட்டம் தருகிற அவகாச நாள் என்று ஒன்றும் கிடையாது. பலர் இருக்கிறது என்று நினைக்கிறார்கள்.

டீலர்களைக் கண்காணிக்கிற ஒம்விக்கில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், முடிவு வரவில்லை. புது ரயர் பூட்டியாயிற்று, மனைவி இப்போது அதில்தான் வேலைக்குப் போகிறார். பழைய நாலையும் எறியவில்லை. சாட்சிக்காக வீட்டுக் கராஜில் அடுக்கி வைத்திருக்கிறேன், எண் தெரிகிற பக்கம் வெளியே.