8 சனிக்கிழமை, 400 ரூபா, ஒரு பைபிள் கிளாஸ்: கடைமடைக்காரன் ரிவியூ

திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு சபையில எட்டு வாரம் கிளாஸ் வெச்சாங்க, இஸ்ரவேலர் சரித்திரத்தை எடுத்துக்கிட்டு கர்த்தரை நம்புறதுன்னா என்னன்னு சொல்லித் தர்றது. சபை பேரு வேணாம், குறையும் சொல்லப்போறேன். ஆளுக்கு 400 ரூபா, அதுல புக்கு, சுக்கு காப்பி, பன்னு எல்லாம் சேர்த்தி. எனக்கு போற ஐடியாவே இல்ல, அம்மாவுக்கு முட்டி வலி, பைக்குல கூட்டிட்டுப் போயி விடணும், விட்டுட்டு வெளிய கொசுக்கடியில நிக்கிறதுக்கு உள்ளயே உக்காந்துடலாம்னு நானும் 400 கட்டுனேன்.

மொதல்ல புக்கை சொல்லிடுறேன். வேஸ்ட். 60 பக்கம் கூட இல்ல, ரெண்டாவது வாரமே பின்னு கழண்டு பக்கம் பக்கமா கையில வந்துருச்சு. மேப்பு போட்டிருக்காங்க, கருப்பு வெள்ளை ஜெராக்ஸ், செங்கடல் எது சவக்கடல் எதுன்னு தெரியல, எரிகோ இருக்குற எடத்துல மை அப்பிக் கெடக்கு. 6.30க்கு ஆரம்பம்னு போட்டுட்டு ஒரு வாரம் கூட 7க்கு முன்னாடி ஆரம்பிக்கல. மைக்கு கீச்சு கீச்சுன்னு கத்தும்.

ஆனா பாடம் எடுத்த ஐயா இருக்காரே, அவருக்காக போலாம். ரிட்டயர்டு வாத்தியார், சத்தம் போட மாட்டாரு, கேள்வி கேட்டுக் கேட்டே நகத்துவாரு. மொத வாரம் பைபிள்ல உபாகமம் 11ஆம் அதிகாரம் எடுத்தாரு. எகிப்துல நீங்க கீரைத்தோட்டத்துக்கு பாய்ச்சுற மாதிரி காலால தண்ணி பாய்ச்சுனீங்க, இப்ப போற தேசம் அப்படி இல்ல, வானத்து மழையைக் குடிக்கிற தேசம்னு மோசே சொல்ற எடம். இதை நான் எத்தனையோ தடவை வாசிச்சிருக்கேன், ஒண்ணும் உறைச்சதில்ல. ஐயா கேட்டாரு, "காலால தண்ணி பாய்ச்சுறதுன்னா என்னங்க?" எங்க ஹால்ல பாதிப் பேரு வயக்காட்டுக்காரங்க, மடையை காலாலயே தட்டி விட்டு காலாலயே மண்ணை அணைச்சு அடைக்கிற ஆளுங்க, எல்லாரும் சிரிச்சுட்டாங்க. நைல் ஓடுது, வாய்க்கா இருக்கு, வானத்தை அண்ணாந்து பாக்க வேண்டிய அவசியமே இல்லாம இருந்த சனங்களைக் கொண்டுபோயி, மழை பேஞ்சாதான் சோறுங்கிற மேட்டுப் பூமியில விடுறாரு கர்த்தர், அதுதான் வாக்குத்தத்தம் பண்ண கானான் தேசமாம். "இப்ப சொல்லுங்க, நம்ம ஊரு எகிப்தா கானானா?"ன்னாரு. எங்கம்மா பட்டுனு சொன்னாங்க, "மேட்டூரு தெறந்தா எகிப்து, தெறக்கலன்னா கானான் ஐயா."

2023ல ஜூன் 12க்கே தெறந்தும் தண்ணி பத்தாம குறுவை கருகிப்போனதை பாத்தவங்களுக்கு அந்த பதிலு நல்லா புரியும். எனக்கு ஒம்பது மா நெலம், ஏறக்குறைய மூணு ஏக்கரு, கடைமடை. எங்களுக்கு கடைசியாதான் தண்ணி வரும், வந்தா. இந்த வருசமும் கிளாஸ் பாதி முடிஞ்சப்புறம்தான் எங்க வாய்க்கால்ல ஈரத்தையே பாத்தேன். அதனாலயோ என்னவோ அந்த ஒரு பாடத்துக்கே 400 சரியாப்போச்சுன்னு தோணிருச்சு.

மன்னா பாடம், அதான் வனாந்தரத்துல வானத்துலேருந்து வந்த சாப்பாடு, அது ஓகே. கானானை வேவு பாக்கப் போன பன்னண்டு பேரும், சனங்க நாப்பது வருசம் வனாந்தரத்துல அலைஞ்சதும் சண்டே ஸ்கூல்ல கேட்டதுதான், புதுசா ஒண்ணும் இல்ல. கிதியோன் வாரம் நான் வரல, கரண்டு கம்பம் சாஞ்சு மோட்டரு ஓடல, அந்த வேலையில இருந்தேன். கிதியோன் படை 32,000 பேருலேருந்து 300 ஆன கணக்கை அம்மா பைக்குல வரும்போது சொல்லிக்கிட்டே வந்தாங்க.

நாலாவது வாரம் இஸ்ரவேலர் யோர்தான் ஆத்தைக் கடந்து கானானுக்குள்ள போறது. இதுதான் டாப். அறுப்புக்காலம், ஆறு கரைபுரண்டு ஓடுது, உடன்படிக்கைப் பெட்டியை தூக்கிட்டு முன்னாடி போற ஆசாரியர்கள் கால் தண்ணி ஓரத்துல பட்டதும் தண்ணி நிக்கிதுன்னு ஐயா சொல்லிக்கிட்டு இருந்தாரு. முன் வரிசையில ஒரு பெரியவர், பொதுப்பணித்துறையில லஸ்கரா இருந்து ரிட்டயர்டு ஆனவரு, வாழ்நாள் பூரா ஷட்டரு ஏத்தி எறக்குன மனுசன். கைய தூக்குனாரு. "ஐயா, தண்ணி நின்னது அங்கயா மேலயா?" ஐயா யோசுவா 3:16ஐ வாசிக்கிறாரு, மேலேருந்து வர்ற தண்ணி ரொம்ப தூரத்துல ஆதாம்ங்கிற ஊரு கிட்ட குவியலா நின்னுச்சுன்னு இருக்கு. சனங்க கடந்தது எரிகோவுக்கு எதிர்ல, அதுக்கு வடக்கால 25, 30 கிலோமீட்டர் இருக்கும் அந்த ஆதாம். பெரியவரு விடல. "அப்ப மேல அடைச்சிருக்கு. மேல அடைச்சா கீழ ஒடனே வத்தாதுங்க. இருக்குற தண்ணி வடியணும்ல. அதுவரைக்கும் அந்த ஆளுங்க பெட்டியைத் தோள்ல வெச்சுக்கிட்டு தண்ணியில காலை விட்டுக்கிட்டே நின்னாங்களா?"

ஹால்ல ஃபேன் சத்தம் மட்டும்தான். ஐயா கண்ணாடியை கழட்டி வேட்டியில தொடச்சுக்கிட்டு, "இத்தனை வருசத்துல இந்தக் கேள்வியை என்கிட்ட யாரும் கேக்கலண்ணே"ன்னாரு. தண்ணி நின்னது அற்புதம்தான், அது வத்துறதுக்கு எத்தனை நேரம்னு வேதத்துல எழுதல, ஆனா மொத ஆளு கால வெக்கும்போது ஆறு ஃபுல்லா ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு, அவ்ளோதான் நமக்குத் தெரியும்னு சொல்லி அதோட விட்டுட்டாரு. வேற யாராச்சும்னா அரைமணி நேரம் பிரசங்கம் பண்ணிருப்பாங்க.

இப்ப குறை. அஞ்சாவது வாரம் ஐயாவுக்கு ஒடம்பு சரியில்லன்னு வெளியூருலேருந்து ஒரு கெஸ்ட் ஸ்பீக்கரை கூட்டிட்டு வந்தாங்க. மறுபடியும் மன்னாவையே எடுத்தாரு, நம்புனா கடன் தீரும், நம்புனா வீடு கட்டலாம், விசுவாசம் கம்மியா இருக்கறவனுக்குதான் நஷ்டம் வரும்னு ஒரே சத்தம், கடைசியில காணிக்கைக் கவரு வேற சுத்தி வந்துச்சு. யாத்திராகமம் 16ல என்ன இருக்கு, ஆளுக்கு ஒரு ஓமர்ங்கிற அளவு, அன்னன்னிக்கு உள்ளது, நாளைக்குன்னு எடுத்து வெச்சா புழு பூத்து நாறும், ஓய்வுநாளைக்கு முந்தின நாளு மட்டும் ரெண்டு மடங்கு. சேத்து வெக்கிறதுக்கு எதிரான கதையை வெச்சு சேத்து வெக்கிறதை பிரசங்கம் பண்றாரு. 2018 நவம்பர்ல கஜா அடிச்சப்ப என் பக்கத்துல உக்காந்திருந்த அண்ணனுக்கு தென்னை ஒண்ணு விடாம சாஞ்சுது, அவரு விடிகாலை அஞ்சு மணிக்கு ஜெபம் பண்ற மனுசன். அவரு அன்னிக்கு காப்பி கூட குடிக்காம எந்திரிச்சு போயிட்டாரு, அடுத்த வாரமும் வரல. நிர்வாகத்துக்கிட்ட சொன்னேன், "போதகர் ஐயர்கிட்ட பேசுறோம் பிரதர்"னாங்க, அதோட சரி.

யூதா ராஜா எசேக்கியா பாடத்துல ஐயா மேலயும் எனக்கு ஒரு வருத்தம். அசீரியா ராஜா சனகெரிப் வந்து எருசலேமை முற்றுகை போடுறான், கி.மு. 701, எசேக்கியா அவன் அனுப்புன மிரட்டல் நிருபத்தை ஆலயத்துல விரிச்சு வெச்சு ஜெபம் பண்றான், ராத்திரியில அசீரியப் படையில 1,85,000 பேரு சாகுறான். சரி. ஆனா அதுக்கு முந்தின அதிகாரத்துலயே எசேக்கியா பயந்துபோயி 300 தாலந்து வெள்ளி, 30 தாலந்து பொன்னு கப்பம் கட்டுறான், ஆலயக் கதவுல இருந்த பொன் தகட்டையே உரிச்சுக் குடுக்குறான், அதைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. எருசலேமுக்குள்ள தண்ணி கொண்டுவர எசேக்கியா வெட்டுன சுரங்க வாய்க்காலைப் பத்தியும் இல்ல. சுமார் 533 மீட்டர், ரெண்டு பக்கமும் பாறையைக் குடைஞ்சுக்கிட்டு வந்து நடுவுல சந்திச்சிருக்காங்க, அதைச் சொல்ற கல்வெட்டு 1880ல கெடைச்சுது, மொத்த நீளத்துக்கும் வாட்டம் சுமாரா 30 சென்டிமீட்டர்தான். இதை அந்த லஸ்கரு பெரியவர்கிட்ட சொல்லிருந்தா ஆடிப்போயிருப்பாரு. பயந்து காசு குடுத்ததும் அவன்தான், தண்ணிக்கு வழி பண்ணதும் அவன்தான், ஜெபம் பண்ணதும் அவன்தான், மூணையும் சொன்னாதான நம்மள மாதிரி ஆளு ஒட்டிக்க ஒரு எடம் கெடைக்கும். கிளாஸ் முடிஞ்சு கேட்டேன். ஐயா சிரிச்சுட்டு, "நேரம் பத்தல தம்பி, நீங்க வாசிச்சிருக்கீங்கல்ல, போதும்"னாரு. மழுப்பலா பாராட்டான்னு இன்னும் தெரியல.

5க்கு மூன்றரை. கெஸ்ட் ஸ்பீக்கர் வாரம் இல்லன்னா நாலரை. போறவங்க முதுகுக்கு ஒரு தலகாணி எடுத்துக்குங்க, பெஞ்சுக்கு சாய்மானம் கெடையாது. மேப்பை போன்ல பாத்துக்குங்க. முன் வரிசையில வெள்ளைத் துண்டு போட்டுட்டு ஒரு பெரியவரு இருந்தா அவரு பக்கத்துல எடம் புடிங்க.

அடுத்த பேட்ச்சு தானியேல்னு சொல்றாங்க. அம்மா இப்பவே 400 ரூபாயை பைபிளுக்குள்ள எடுத்து வெச்சுட்டாங்க. நான் விதைப்பு முடிஞ்சாதான் சொல்ல முடியும்னு இருக்கேன்.