படம் டேட்டாபேஸுக்குள்ளா, ஃபோல்டரிலா?

ஒரு துணிக்கடைக்கு வெப்சைட் செய்து கொடுத்தபோது சேலைப் படங்களை மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸின் டேபிளுக்குள்ளேயே திணித்தேன். எட்டு மாதம் கழித்து அத்தனையையும் ஃபோல்டருக்கு மாற்றி, டேபிளில் ஃபைல் பெயரை மட்டும் வைத்தேன். நான் எந்தக் கட்சி என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

படத்தை ஏற்றும் ஃபார்ம் எழுதுவதில் பெரிய வித்தியாசம் இல்லை. சர்வரில் ஓடும் பிஎச்பி மொழி ஏற்றும் ஃபைலுக்குத் தானாக வைத்திருக்கும் 2 எம்பி வரம்பு இரண்டு வழியையும்தான் மறிக்கும்.

டேபிளில் முதல் அடி, படம் போன்றவற்றை வைக்கும் ‘ப்ளாப்’ என்ற டேட்டா வகையால் விழுந்தது. அது 65,535 பைட்தான் தாங்கும். அளவு மீறினால் எரர் காட்டி மறுக்கும் ஸ்ட்ரிக்ட் மோடு பழைய சர்வரில் இல்லாததால், மிச்சத்தைச் சத்தமில்லாமல் வெட்டிவிட்டது. பாதிச் சேலை தெரியும், கீழே வெறும் சாம்பல் பட்டை. ‘மீடியம்ப்ளாப்’ ஆக்கியதும் 16 எம்பி வரை இடம் கிடைத்தது. அது போகட்டும்.

என்னை மாற வைத்தது பேக்கப். விலையும் ஸ்டாக்கும் தினம் மாறும். படம் ஒருமுறை ஏறினால் மாறாது. ஆனால் டம்ப், அதாவது டேட்டாபேஸின் முழு நகல், எடுத்தால் எல்லாம் சேர்ந்தே வரும். 3,000 படம், தலா 200 கேபி என்றால் 600 எம்பி. ஒவ்வொரு பைட்டையும் இரண்டு எழுத்தாக்கும் ஹெக்ஸாக எழுதினால் இரட்டிப்பு, 1.2 ஜிபி. நேற்று எடுத்த அதே படங்களை இன்றும் எடுக்க வேண்டும். ஒருநாள் எந்தச் சேலைக்கு என்று சொல்லும் ‘வேர்’ (WHERE) நிபந்தனை போடாமல் அப்டேட் ஓட்டி எல்லாச் சேலைக்கும் ஒரே விலை வைத்துவிட்டேன். விலையும் படமும் ஒரே டேபிளில். விலைகளை மட்டும் திரும்ப எடுக்க அந்த மலையையே இறக்க வேண்டியதாயிற்று, கடைக்காரர் போனில் காத்திருக்க. இப்போது டம்ப் சில எம்பிதான். புதிய படங்களை மட்டும் ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி அள்ளிக்கொள்கிறது.

டேபிளுக்கும் நியாயம் உண்டு. ஒரு சேலையின் வரிசையை அழித்தால் படமும் கூடவே போய்விடும். ஃபோல்டரில் அநாதைப் படங்கள் சேரும். ஞாயிறுதோறும் ஒரு ஸ்கிரிப்ட் வைத்துக் கூட்டித் தள்ளுகிறேன். பத்து கேபி அளவுத் தம்ப்நெயில்களை (குட்டிப் படங்களை) தனித்தனி ஃபைலைவிட எஸ்கியூலைட் என்ற இன்னொரு டேட்டாபேஸிலிருந்து சுமார் 35% வேகமாகப் படிக்க முடிகிறது என்று அதன் குழுவே அளந்து காட்டியிருக்கிறது. அந்த அளவுக்கு என்றால் நானும் டேபிளிலேயே வைப்பேன். நாலைந்து சர்வர் வைத்து ஓட்டியதில்லை, அங்கே கணக்கு வேறாக இருக்கலாம்.

ஃபோல்டருக்குப் போனால் வந்த பெயரிலேயே சேமிக்காதீர்கள். இரண்டு போனிலிருந்து ‘ஐஎம்ஜி_0001’ வந்து, பட்டுச்சேலை இருந்த இடத்தில் நைட்டி ஏறிக்கொண்டது.