சுங்கை சிப்புட் வெயிலில் மர ஸ்கீ போட்: வெஸ்ட் சிஸ்டம் 105 ரெசின், 209 ஹார்ட்னர் மதிப்புரை

பழைய பாணி மர ஸ்கீ போட் (தண்ணீரில் ஸ்கீ ஆடுபவரைக் கயிற்றில் இழுக்கும் வேகப் படகு) கட்ட ஆசைப்படுகிறவர்கள் முதலில் மரத்தைப் பற்றிக் கேட்பார்கள், அடுத்து இன்ஜினைப் பற்றி. பசையைப் பற்றிக் கடைசியில்தான் பேச்சு வரும். மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் மாதிரி ஊரில் பசையைத்தான் முதலில் கேட்க வேண்டும். மெராந்தி மரமும் நியாத்தோ மரமும் பேராக்கில் தேடினால் கிடைத்துவிடும். பிற்பகலில் 33 டிகிரி தொடும் வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, பசையை இறுகவைக்கும் எந்த ஹார்ட்னரைக் கலக்கினோம் என்பதில்தான் படகின் ஆயுள் இருக்கிறது. நம் தட்பவெப்பத்துக்கு வெஸ்ட் சிஸ்டம் நிறுவனத்தின் 105 எபோக்ஸி ரெசினோடு 209 ஹார்ட்னரைத் தாராளமாகப் பரிந்துரைக்கலாம். அதே ரெசினோடு 205 ஹார்ட்னரைப் படகு கட்ட வாங்கவே வேண்டாம்.

1950களின் அமெரிக்கக் கிறிஸ்-கிராஃப்ட், செஞ்சுரி படகுகளில் எபோக்ஸி கிடையாது. மஹோகனிப் பலகையை ஓக் சட்டத்தில் திருகி முடுக்கியிருப்பார்கள். தண்ணீரில் இறக்கியதும் பலகை ஊறி உப்பி, இடைவெளியைத் தானே அடைத்துக்கொள்ளும். கோடைக்காலம் முழுக்கத் தண்ணீரிலேயே கிடக்கும் படகுக்கு அந்த முறை சரி. இங்கே படகு வாரம் ஐந்தாறு நாள் வீட்டு முற்றத்தில் டிரெய்லர் மேல் காயும், ஒரு நாள் செண்டெரோ ஏரியில் மிதக்கும். காய்ந்தும் ஊறியும் மாறி மாறி வந்தால் பலகை சுருங்கும், திருகு தளரும், ஒவ்வொரு முறை இறக்கும்போதும் தண்ணீர் புகும். அதனால்தான் உருவத்தில் பழையதும் உடம்பில் புதியதுமாக, மரைன் பிளைவுட்டை எபோக்ஸியில் ஒட்டி, உள்ளும் புறமும் எபோக்ஸி பூசி மூடுகிறோம். மரத்துக்குள் ஈரம் போய்வரும் வழியை அடைத்துவிட்டால் அது உப்பவும் செய்யாது, சுருங்கவும் செய்யாது.

209ன் மதிப்பு அது கொடுக்கும் நேரத்தில் இருக்கிறது. 22 டிகிரியில் கோப்பைக்குள் கலவை இறுகத் தொடங்கும் முன் 205க்குக் கிடைப்பது ஏறக்குறைய 10 நிமிடம், இடைப்பட்ட 206 ஹார்ட்னருக்கு 20 நிமிடத்துக்குச் சற்று மேல், 209க்கு ஏறத்தாழ 50 நிமிடம். வெப்பம் 10 டிகிரி ஏறினால் நேரம் பாதியாகும் என்பது எபோக்ஸியின் பொதுக் கணக்கு. அப்படியென்றால் நம் பிற்பகலில் 205 ஐந்து நிமிடம், 206 பத்துப் பன்னிரண்டு நிமிடம், 209 இருபத்தைந்து நிமிடம். 16 அடிப் படகின் பக்கப்பலகை ஒன்றை ஏற்றும் வேலையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு பேர் சட்டங்களிலும் நீளக்கட்டைகளிலும் பசை தடவ வேண்டும், பலகையைத் தூக்கி வைக்க வேண்டும், குறி பார்த்து நகர்த்த வேண்டும், நடுவிலிருந்து இரு முனைக்கும் திருகு போட வேண்டும். கை தேர்ந்தவர்களுக்கே இருபது நிமிடம் ஓடிவிடும். 206 இந்த வேலைக்குப் பற்றாது. முன்முனையில் திருகு ஏறும்போது பின்முனையில் பசை ஜெல்லாகியிருக்கும். வெளியே எதுவும் தெரியாது. உள்ளே பசை இருக்கும், பிடிப்பு இருக்காது.

கோப்பையில் நடப்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். ஆழமான கோப்பையில் கலந்து வைத்த எபோக்ஸி தன் சூட்டிலேயே மேலும் சூடேறும். அடிப்பகுதி உள்ளங்கையில் இளஞ்சூடாகப்படும்போது மரத்தில் தடவ இன்னும் சில நிமிடம் உண்டு. கையைச் சுடத் தொடங்கினால் அந்தக் கலவையை விட்டுவிட வேண்டியதுதான். அதற்குப் பிறகு நுரைக்கும், புகையும், கோப்பை உருகும். ஆகவே கலந்து முடித்த கையோடு அகலமான ரோலர் தட்டில் ஊற்றிப் பரப்புங்கள். மெல்லிய படலமாக விரிந்தால் சூடு காற்றில் போய்விடும், நேரமும் நீளும். வீணான கலவையைச் சருகும் மரத்தூளும் கிடக்கும் குப்பையில் கொட்டாமல், சிமெண்டுத் தரையில் ஆறவிட்ட பிறகே எறியுங்கள்.

105க்கு 209 சேர்க்கும் அளவு கொள்ளளவில் 3க்கு 1. எடை போட்டுக் கலப்பவர்கள் இங்கேதான் தவறுவார்கள். ரெசின் ஹார்ட்னரைவிடக் கனமானது, அதனால் எடைக் கணக்கில் ரெசினின் பங்கு மூன்றரைக்குச் சற்று மேல் வரும். 205க்கும் 206க்கும் கொள்ளளவில் 5க்கு 1. நிறுவனம் விற்கும் பம்பில் ரெசின் ஒரு அழுத்து, ஹார்ட்னர் ஒரு அழுத்து என்றால் அளவு தானாகச் சரியாகும், ஆனால் அந்த ஹார்ட்னருக்கு உரிய பம்பாக இருக்க வேண்டும். 206 பம்பை 209 டின்னில் மாட்டினால் ஹார்ட்னர் குறையும், கலவை ஒரு மாதம் ஆனாலும் ரப்பர் மாதிரியே கிடக்கும். அதைச் சுரண்டி எடுப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. பம்ப் காற்றை இழுத்துக் கொப்பளித்தால் அந்தக் கலவையை நம்பாதீர்கள். ஹார்ட்னர் கூடுதலாகச் சேர்த்தால் சீக்கிரம் இறுகும் என்று பாலியெஸ்டர் ரெசினில் பழகியவர்கள் நினைப்பார்கள். எபோக்ஸியில் அந்த விளையாட்டு செல்லாது. வேகம் வேண்டுமானால் ஹார்ட்னரைத்தான் மாற்ற வேண்டும்.

வெறும் கலவையாக ஒட்டுவது இன்னொரு தவறு. முதலில் இரு முகத்திலும் தெளிந்த கலவையைத் தூரிகையால் தடவி, மரம் குடிக்கும் அளவு குடிக்கவிடுங்கள். மரத்தின் வெட்டுமுனை நிறையக் குடிக்கும், அங்கே இரண்டாம் முறையும் தடவ வேண்டும். அதன் பிறகே 403 மைக்ரோஃபைபர் அல்லது 406 சிலிக்கா கலந்து கெட்டியாக்கிய பசை. பலகைகளுக்கு நடுவே தோசை மாவுப் பதம் போதும். மூலைகளில் வளைவாக நிரப்ப வடை மாவுப் பதம் வேண்டும், கரண்டியில் எடுத்துக் கவிழ்த்தால் விழக் கூடாது. கிளாம்பை முறுக்கு முறுக்கென்று முறுக்காதீர்கள். ஓரத்தில் பசை மணிமணியாகப் பிதுங்கினால் போதும். பசை முழுக்க வெளியேறிவிட்டால் இணைப்பு பட்டினி கிடக்கும்.

எட்டடி பிளைவுட் இரண்டை ஒட்டி ஏறக்குறைய 16 அடியாக நீட்டும் சாய்வு இணைப்புக்கு விகிதம் 8க்கு 1. 6 மி.மீ. பலகைக்கு 48 மி.மீ. சாய்வு, 9 மி.மீ.க்கு 72. சீவும்போது பிளைவுட்டின் அடுக்குகள் கோடுகோடாகத் தெரியும். அந்தக் கோடுகள் நேராகவும் ஒரே அகலத்திலும் ஓடினால் சாய்வு சமம் என்று பொருள், தனியாக அளவுகோல் தேவையில்லை. ஒரு கோடு வளைந்தால் அந்த இடத்தில் இழைப்புளி ஆழமாக இறங்கியிருக்கிறது. ஒட்டும்போது பிளாஸ்டிக் தாள் விரித்து, இரு பலகையும் வழுக்காமல் இரண்டு சிறு ஆணி அடித்துவிட்டு அழுத்துங்கள். 209 மெதுவாக இறுகும், அதனால் அன்று மாலையே கிளாம்பைக் கழற்ற நினைக்காதீர்கள். மறுநாள் காலைவரை அப்படியே இருக்கட்டும்.

மரத்தைப் பொறுத்தவரை ஒரே எச்சரிக்கை ஈரம். நம் ஊர்க் காற்றில் நிழலில் காய்ந்த மரத்திலும் 15 சதவீதத்தை ஒட்டி ஈரம் இருக்கும், எபோக்ஸிக்கு 12க்குக் கீழே வேண்டும். சூளையில் உலர்த்திய மரமா என்று கேட்டு வாங்குங்கள், ஈரமானி இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள். தோட்டத்தில் சும்மா கிடைக்கிறதே என்று ரப்பர் மரத்தைச் சட்டத்துக்குப் போடாதீர்கள், பூஞ்சையும் வண்டும் அதைத் தேடி வரும். செங்கால் மரம் உறுதியிலும் ஆயுளிலும் அருமையானது. ஆனால் கனம் அதிகம், பிசினும் உண்டு. புதிதாகத் தேய்த்து, அசிட்டோனில் துடைத்து, உடனே ஒட்டினாலும் திருகு இல்லாமல் அதை நம்பக் கூடாது. ஏராக்கட்டைக்கு (படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்புக் கட்டை) வெளியே உராயும் பட்டிக்கு மட்டும் செங்கால் போதும். சட்டங்களுக்கு 19 முதல் 25 மி.மீ. கனத்தில் நியாத்தோ அல்லது அடர் சிவப்பு மெராந்தி நன்றாக ஒட்டும். பிளைவுட்டில் பிஎஸ் 1088 என்ற மரைன் பிளைவுட் தர முத்திரை இருந்தாலும் ஒரு துண்டை வெட்டிச் சில மணி நேரம் கொதிக்கவைத்துப் பாருங்கள். அடுக்கு பிரிந்தால் முத்திரைக்கு மதிப்பில்லை.

பூச்சு வேலைக்குப் பொழுது பார்த்து இறங்க வேண்டும். காலையில் பூசினால் மரம் சூடேற ஏற உள்ளிருக்கும் காற்று விரிந்து, இறுகும் எபோக்ஸியைக் குமிழ்குமிழாகத் தள்ளும். ஊசி குத்தின மாதிரி ஆயிரம் துளை விழும். வெப்பம் இறங்கத் தொடங்கும் ஐந்து மணிக்குப் பூசினால் காற்று சுருங்கி எபோக்ஸியை உள்ளே இழுக்கும். அதே மாலை மழையும் இரவு ஈரமும் வேறு தொல்லை தரும். மறுநாள் மேற்பரப்பில் விளக்கெண்ணெய் தடவியது போல ஒரு வழவழப்பு படிந்திருக்கும். அது அமீன் படலம், ஹார்ட்னர் காற்றின் ஈரத்தோடு சேர்ந்து உண்டாவது. உப்புத்தாளால் தேய்த்தால் போகாது, தாள்தான் அடைத்துக்கொள்ளும். வெறும் தண்ணீரும் ஸ்காட்ச்-பிரைட் தேய்ப்பு நாரும் போட்டுக் கழுவித் துடைத்த பிறகே தேய்க்க வேண்டும். இந்தக் கழுவலைத் தவறவிட்டால் அடுத்த பூச்சோ வார்னிஷோ உரிந்து வரும். முந்தைய பூச்சு விரலில் ஒட்டாமல், ஆனால் கட்டைவிரல் அழுந்தும் பதத்தில் இருக்கும்போதே அடுத்த பூச்சு போட்டால் கழுவலும் தேய்ப்பும் மிச்சம்.

209ல் குறை ஒன்று உண்டு. அது தேன் நிறம். அடிப்பகுதிக்கும் உள்பக்கத்துக்கும் அதனால் ஒன்றும் இல்லை. ஸ்கீ போட்டின் அழகே மேல்தளம்தான், நியாத்தோப் பட்டிகளும் நடுவே வெள்ளைக் கோடுகளும். அங்கே 207 ஹார்ட்னர் போடுங்கள். தெளிவாக இருக்கும், படலம் படிவதும் குறைவு. 209 போலவே 3க்கு 1 என்பதால் பம்ப் குழப்பம் இல்லை. ஆனால் அதன் நேரம் ஏறக்குறைய 206 அளவுதான், சிறு சிறு கலவையாகப் பூச வேண்டும். எண்ணெய்ச் சாயம் பூசிய மரத்தில் எபோக்ஸி பிடிக்காது, நிறம் ஏற்றுவதானால் தண்ணீர்ச் சாயம் பயன்படுத்துங்கள். நிறத்தையும் மிகக் கருமையாக்காதீர்கள். இந்த எபோக்ஸி 50 டிகிரியை ஒட்டியே இளகத் தொடங்கும், நம் நண்பகல் வெயிலில் கரும்பழுப்புத் தளம் அதைத் தாண்டிவிடும். அப்போது அடியிலுள்ள இணைப்புக் கோடுகள் மேலே தெரிய ஆரம்பிக்கும். படகை நிழலில் நிறுத்துங்கள்.

அடிப்பகுதியைச் சமன் செய்யும் புட்டிக்கு 407 தூள் கலப்பது நல்லது. 410 தூள் தேய்க்கச் சுலபம், ஆனால் சூடு தாங்காது, கரும் பெயிண்டுக்குக் கீழே போடவே கூடாது. இந்த இடத்தில் அவசரம் வேண்டாம். பின்பலகைக்கு முன்னே உள்ள ஐந்தடி அடிப்பரப்பு நேர்கோடாக இருக்க வேண்டும். நேர்க்கட்டையை வைத்தால் பின்முனை கீழ்நோக்கி 2 மி.மீ. வளைந்தாலும் முன்முனை தண்ணீரில் அமுங்கி ஓடும், மேல்நோக்கி வளைந்தால் குதிரை போலக் குதிக்கும். பின்பலகையின் கீழ்விளிம்பைத் தேய்த்து உருட்டாதீர்கள். கூர்மையாக இருந்தால்தான் தண்ணீர் சுத்தமாகப் பிரியும், பின்னால் ஸ்கீயில் வருபவருக்கு அலை தட்டையாகக் கிடைக்கும்.

16 அடிப் படகுக்கு எவ்வளவு வாங்குவது? ரோலரால் ஒரு கிலோ கலவை ஏறக்குறைய 7 சதுர மீட்டர் பூசும். வெளியே மூன்று கை, உள்ளே மூன்று கை, தளத்துக்கு மேலும் கீழும் சேர்த்தால் மொத்தப் பூச்சுப் பரப்பு 100 சதுர மீட்டரை நெருங்கும், அதற்கே 14 அல்லது 15 கிலோ. வெளியே சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள கண்ணாடியிழைத் துணி போர்த்த 3 முதல் 4 கிலோ. ஒட்டவும் நிரப்பவும் 7 கிலோ. ஆக 25 கிலோவுக்குக் குறைத்து வாங்கினால் நடுவில் நின்றுவிடும். விலை கையைக் கடிக்கும் என்பது உண்மை. அதற்காக ஹார்ட்வேர் கடையில் தரைக்குப் பூச விற்கும் எபோக்ஸியை வாங்கிச் சட்டத்தை ஒட்டாதீர்கள். சிமெண்டில் பிடிக்கச் செய்த சரக்கு அது, வேகத்தில் அலை அறையும் இணைப்பை நம்பி அதனிடம் விட முடியாது.

கையுறை இல்லாமல் தொடாதீர்கள். தோலில் பட்டால் தின்னரால் துடைக்க வேண்டாம், தின்னர் அதைத் தோலுக்குள்ளேயே இழுத்துவிடும். ஒருமுறை ஒவ்வாமை பிடித்தால் பிறகு டின்னைத் திறந்தாலே அரிக்கும். முழுக்க இறுகாத எபோக்ஸியின் தேய்ப்புத் தூளும் அதே அளவுக்குக் கெடுதல், முகமூடி அவசியம். ஹார்ட்னர் நாளாக ஆகச் சிவந்தால் பயப்பட வேண்டாம், வேலை செய்யும். மூடியை மட்டும் இறுக்கி மூடுங்கள்.

எபோக்ஸி சூரிய ஒளியில் தானே சிதையும், அதனால் மேலே புற ஊதா தடுக்கும் வார்னிஷ் குறைந்தது ஆறு கை வேண்டும். சில ஒற்றைக் கலவை வார்னிஷ் எபோக்ஸி மேல் காயாமல் பிசுபிசுத்தே கிடக்கும். எபோக்ஸி பூசிய வெட்டுத்துண்டு ஒன்றில் முதலில் பூசி மூன்று நாள் பாருங்கள். நகம் வைத்தால் தடம் பதிந்தால் வேறு டின் வாங்குங்கள், அதுவரை படகின் மேல் தூரிகையை வைக்காதீர்கள்.